வீரணன் முகம் முழு அளவில் சேமிக்கப்பட்ட நாள்

ஆவரங்குளம் பஸ் ஸ்டாண்டுக்குப் பின்னால் இருக்கிற தெருவில் ஒருவருக்குக் காது கேட்காது, ஒருவருக்கு இடது கால் கொஞ்சம் இழுக்கும், பந்தல் போடுகிற வீரணனுக்கு முகம் கட்டங் கட்டமாக இருக்கும், அவ்வளவுதான், அதில் அதிசயப்பட ஒன்றுமில்லை என்று அந்தத் தெருக்காரர்கள் சொல்வார்கள். ஆனால் அது எப்படி அப்படி ஆனது என்று கேட்டால் மட்டும் ஆளுக்கொரு பக்கம் திரும்பிக்கொள்வார்கள், ஏனென்றால் கேட்கிறவன் வீரணன் பக்கத்து ஆளா, அவருடைய தங்கை புருஷன் தவசி பக்கத்து ஆளா என்று முதலில் தெரிந்தாக வேண்டும், ஒன்பது வருஷம் அந்தத் தெருவில் நடு என்று ஒரு இடம் இருந்ததில்லை.

நடந்தது இதுதான். வீரணனின் தங்கை பஞ்சவர்ணத்தின் மகள் கார்த்தீஸ்வரி பதின்மூன்று வயதில் பெரியவளானாள். சடங்கு வைத்தார்கள். சடங்கென்றால் பந்தல், பந்தலென்றால் வாசலில் பிளக்ஸ், பிளக்ஸென்றால் அதில் தாய்மாமன் முகம். ஆவரங்குளத்தில் அதற்கு ஒரு முறை உண்டு: நடுவில் பெண்பிள்ளை ஆளுயரத்துக்கும் மேலே, வலது பக்கம் தாய்மாமன் அவளில் பாதி, கும்பிட்ட கை, சுற்றிலும் தங்கக் கலரில் வட்டம், அதற்குக் கீழே சித்தப்பா பெரியப்பா மாமன் மச்சான் எல்லாரும் தேங்காய் அளவில் வரிசையாக. யார் முகம் எந்த அளவில் வந்தது என்பதை வைத்துத்தான் அடுத்த பத்து வருஷத்துக்கு யார் யாரோடு பேசுவது என்பது முடிவாகும். தாய்மாமன் முகத்துக்கு நாலடி. வீரணன் தன் போனிலிருந்து தன் படத்தைத் தவசிக்கு அனுப்பினார், தவசி அதைப் பிளக்ஸ் அடிக்கிற ஜெயசீலனுக்கு அனுப்பினான், ஜெயசீலன் அதைப் பிடித்து நாலடிக்கு இழுத்தான்.

பந்தல் வீரணனுடையது, பிளக்ஸைக் கட்டுவதும் அவர்தான். பிளக்ஸைச் சுருட்டித்தான் கொண்டுவருவார்கள். பந்தல்காரன் சட்டத்துக்குப் பின்பக்கம் ஏணி போட்டு ஏறி மேல் விளிம்பைக் கட்டிவிட்டு உருட்டிவிடுவான், அது சடசடவென்று கீழே இறங்கும், அவன் கண்ணுக்குத் தெரிவது வெள்ளையான முதுகு மட்டும். அன்றைக்குக் காலை ஏழு மணிக்கு வீரணன் இருபத்தெட்டு முடிச்சுப் போட்டார். அவர் போட்ட முடிச்சை அறுக்கலாம், அவிழ்க்க முடியாது. கடைசி முடிச்சுப் போடும்போது முன்பக்கம் சிரிப்புச் சத்தம் கேட்டது. தங்கை மகளின் அழகைப் பார்த்து ஊர் சந்தோஷப்படுகிறது என்று நினைத்து, தானும் சிரித்துக்கொண்டே இறங்கிச் சுற்றி வந்து பார்த்தார். கார்த்தீஸ்வரி பளிச்சென்று இருந்தாள். தேங்காய் அளவு ஆட்களெல்லாம் பளிச்சென்று இருந்தார்கள், தவசியின் தம்பி நெற்றியில் சந்தனம் காய்ந்து வெடித்திருந்ததுகூடத் தெரிந்தது. தாய்மாமன் இருக்க வேண்டிய இடத்தில் மட்டும் குளியலறைச் சுவருக்கு ஓடு பதித்த மாதிரி நாலடிக்குச் சதுரம் சதுரமாக மஞ்சளும் பழுப்பும் கறுப்பும் ஒட்டியிருந்தன. மீசை என்பது ஏழு கறுப்புக் கட்டம். கண் ஒவ்வொன்றும் ஒன்றரைக் கட்டம்.

வீரணன் துண்டை எடுத்து முகத்தைத் துடைத்தார். துண்டு மூலை மூலையாக இடறியது. சிரித்துக்கொண்டிருந்தவர்கள் அவர் பக்கம் திரும்பினார்கள், பிளக்ஸைப் பார்த்தார்கள், மறுபடி அவரைப் பார்த்தார்கள், சிரிப்பை நிறுத்தினார்கள். இரண்டும் ஒன்றாக இருந்தது.

"என் மூஞ்சிய என்ன மாப்ளே பண்ணி வச்சிருக்க?" என்று வீரணன் கேட்டார்.

"நான் என்ன பண்ணுனேன் மச்சான்? நீங்க அனுப்புனத அப்படியே குடுத்தேன்" என்றான் தவசி.

"நான் முழு மூஞ்சிய அனுப்புனேன். நீ துண்டு துண்டா நறுக்கிக் குடுத்திருக்க. ஒந் தம்பிக்கு மட்டும் பரு வரைக்கும் தெரியுதே, அது எப்படி?"

"அவன் மூஞ்சி சின்னது மச்சான், அதனால…"

"அப்ப எனக்குப் பெரிய மூஞ்சின்றியா?"

அதோடு முடிந்தது பேச்சு. வீரணன் கொண்டுவந்த சீரை வைத்தார், தங்கை மகளுக்கு மாலை போட்டார், பந்தலில் ஒரு வாய் தண்ணீர் குடிக்காமல் தெருவைக் கடந்து எதிரே இருந்த தன் வீட்டுக்குப் போய்க் கதவைச் சாத்தினார். வேண்டுமென்றே செய்தேன் என்று தவசி வாய் திறந்து சொல்லாதவரை அந்த வாசல்படி மிதிப்பதில்லை என்று சொன்னார். செய்யாததைச் செய்தேன் என்று எப்படிச் சொல்வது என்று தவசியும் உட்கார்ந்துவிட்டான்.

ஊர் மூன்று நாள் வீரணனை வந்து வந்து பார்த்தது. நாலாம் நாள் பஞ்சாயத்துக் குழாயில் தண்ணீர் வரவில்லை, எல்லாரும் அதைப் பார்க்கப் போய்விட்டார்கள். பெரிய ஆஸ்பத்திரி டாக்டர் டார்ச் அடித்துப் பார்த்துவிட்டு, வலி இருக்கிறதா, இல்லை, அரிப்பு இருக்கிறதா, இல்லை, அப்படியென்றால் சத்து மாத்திரை சாப்பிடுங்கள் என்றார். சவரக்கடைக்காரருக்கு வேலை சுலபமாகிவிட்டது, வளைவு நெளிவு கிடையாது, கத்தியை நேராக இழுத்து மூலையில் திருப்பினால் போதும். மழை பெய்தால் தண்ணீர் அவர் முகத்தில் படிப்படியாக இறங்கியது, கோயில் குளத்துப் படியில் இறங்குவதுபோல ஒவ்வொரு கட்டத்திலும் நின்று நின்று இறங்கும் அதைப் பார்க்க மழை நாளில் பிள்ளைகள் அவர் வாசலில் வந்து நிற்பார்கள். தேர்தல் வந்தபோது சாவடியில் இருந்த அதிகாரி வாக்காளர் அட்டையைப் பார்த்தார், வீரணனைப் பார்த்தார், எழுந்து நின்று, "இருபது வருஷ சர்வீஸ்ல அட்டையில இருக்கிற மாதிரியே இருக்கிற ஆளை இன்னைக்குத்தான் பாக்குறேன்" என்று கை கொடுத்தார்.

ஒரே ஒரு விஷயத்துக்கு மட்டும் ஊர் தன்னை மாற்றிக்கொள்ள வேண்டியிருந்தது. கிட்டத்தில் பார்த்தால் வீரணன் முகத்தில் ஒன்றும் பிடிபடாது. சிரிக்கிறாரா முறைக்கிறாரா என்று தெரியாமல் அவரோடு பேசுவது, வீரணன் மாதிரி ஒரு கோபக்காரரிடம், ஆபத்தான காரியம். ஆனால் இருபத்தேழு அடி தள்ளி நின்று கண்ணைப் பாதி சுருக்கிப் பார்த்தால் கட்டங்கள் ஒன்றோடொன்று கரைந்து பழைய முகம் வந்து நின்றது. அதனால் ஆவரங்குளத்தார் அவரிடம் பேச வேண்டுமென்றால் சாலைக்கு எதிர்ப்பக்கம் போய் நின்று கண்ணைச் சுருக்கிக்கொண்டு கத்திப் பேசக் கற்றுக்கொண்டார்கள், நாளாக ஆக அது பழக்கமாகி யாரைப் பார்த்தாலும் கண்ணைச் சுருக்கினார்கள். வெளியூரில் பெண் எடுக்கப் போன இடத்தில், மாப்பிள்ளைக்கு மட்டுமில்லை, கூட வந்த பதினெட்டுப் பேருக்கும் பார்வைக் கோளாறு போல என்று பெண் வீட்டார் பயந்த கதையும் உண்டு.

அவர் மனைவி லோகமணிதான் பாவம். வீட்டுக்குள் எங்கே இருபத்தேழு அடி? சோறு போடுவாள், கறிக்குழம்பு நன்றாக இருக்கிறதா என்று முகத்தைப் பார்ப்பாள், பழுப்புக் கட்டங்கள் மேலும் கீழும் அசையும், ஒன்றும் தெரியாது. ஏதாவது ஒரு சாக்கு வைத்துக்கொண்டு பக்கத்து வீட்டு மாடிக்குப் போய் அங்கிருந்து, வாசலில் கயிறு திரித்துக்கொண்டிருக்கிற தன் புருஷனைக் கண்ணைச் சுருக்கிக்கொண்டு கொஞ்ச நேரம் பார்த்துவிட்டு வருவாள். "வத்தல் காயப் போடப் போனேன்" என்பாள். ஒன்பது வருஷமாக அந்த மாடியில் வத்தல் காய்ந்தது.

பத்தாவது வருஷம் ஆவணியில் கார்த்தீஸ்வரிக்குக் கல்யாணம் என்று முடிவானது. வெள்ளிக்கிழமை முகூர்த்தம். தாய்மாமன் மாலை போட்டு, கையைப் பிடித்து மணமேடைக்குக் கூட்டிவராமல் அந்தப் பக்கத்தில் எந்தப் பெண்ணும் மேடை ஏறியதில்லை, தாய்மாமன் இல்லாத பெண்ணுக்கு ஒன்றுவிட்ட மாமனையாவது தேடிப் பிடிப்பார்கள், உயிரோடு எதிர்வீட்டில் இருக்கிற மாமன் வராமல் ஏறுவது என்பது ஊர் கேள்விப்படாதது. தவசி தம்பியை அனுப்பினான், ஊர்ப் பெரியவர்களை அனுப்பினான், பஞ்சவர்ணம் தானே வந்து வாசலில் அழுதாள். வீரணன் தங்கைக்கு மோர் கொடுத்தார், அழுது முடிக்கிறவரை உட்கார்ந்திருந்தார், "ஒம் புருசன் சொல்லட்டும், வர்றேன்" என்றார்.

செவ்வாய்க்கிழமை காலை கார்த்தீஸ்வரி வந்தாள். எதிர்ப்பக்கம் நின்று கத்தாமல் நேராக அவர் முன்னால் வந்து கயிற்றுக் கட்டின்மேல் உட்கார்ந்தாள்.

"மாமா, நான் மேடை ஏறணுமா வேணாமா?"

"ஒங்க அப்பனைக் கேளு."

"அவரைக் கேட்டா உங்களைக் கேளுன்றாரு. ரெண்டு பேருக்கும் நடுவுல தெருவுலயே தாலி கட்டச் சொல்லவா? மினி பஸ் வேற வரும்."

வீரணனின் கட்டங்கள் கொஞ்சம் அசைந்தன. சிரிப்பாக இருக்கலாம்.

"எனக்குப் பிளக்ஸ்ல உங்க படம் வேணும். அன்னைக்கு வச்ச அதே அளவுல, அதே எடத்துல" என்றாள்.

"ஒரு தடவ வச்சது போதும் தாயி."

"அன்னைக்கு அனுப்புன படம் உங்க போன்ல இருக்கும்ல? முழு மூஞ்சிய அனுப்புனேன்னு சொல்றீங்கள்ல? அத எடுத்துக் குடுங்க, ஜெயசீலன் அண்ணன்கிட்ட நானே நேரா குடுக்குறேன். எங்க அப்பா கையே படாது."

இதில் மறுக்க ஒன்றுமில்லை. வீரணன் இடுப்பிலிருந்து போனை எடுத்தார். அதே பழைய போன், ரப்பர் பேண்டு போட்டது, ஒன்பது வருஷத்தில் அதை அவர் யார் கையிலும் கொடுத்ததில்லை, உள்ளே அவர் போட்ட பந்தல்கள் இருந்தன. போட்ட ஒவ்வொரு பந்தலையும் பிரிப்பதற்கு முன்னால் படம் எடுத்துப் படங்களைச் சேமிக்கிற ஒரு ஆப்பில் வைத்துவிடுவார், மூவாயிரத்துக்கும் மேலே. பந்தல் என்பது மறுநாள் இல்லாத பொருள், படத்தையாவது வைத்துக்கொள்ள வேண்டும்.

கார்த்தீஸ்வரி தள்ளிக்கொண்டே போனாள். பந்தல், பந்தல், பந்தல், நடுவில் மாமா. அந்தப் படத்தைத் தொட்டாள். கட்டைவிரல் அகலத்துக்கு வந்து நின்றது, பெரிதாக்கினால் கட்டம். இன்னொரு பந்தலைத் தொட்டாள், பெரிதாக்கினாள், கட்டம். மூவாயிரம் பந்தலும் கட்டமாகத்தான் இருந்தன. அவள் ஆப்பின் மூலையில் இருந்த பல்சக்கரத்தைத் தொட்டாள். ஆவரங்குளத்தில் யாரும் அதைத் தொட்டதில்லை, தொட்டால் போன் கெட்டுவிடும் என்று எல்லாருக்கும் தெரியும். உள்ளே 'படத்தைச் சேமிக்கும் அளவு' என்று எழுதி, கீழே மூன்று வரி இருந்தது: முழு அளவு, நடுத்தரம், மிகச் சிறியது. 'மிகச் சிறியது' என்பதற்குப் பக்கத்தில் பச்சைப் புள்ளி.

"மாமா, இதை யாரு வச்சா?"

வீரணன் அந்தப் பச்சைப் புள்ளியைப் பார்த்தார். அது எப்போது என்பது அவருக்கு ஞாபகம் வந்தது, எந்த வேப்ப மரத்தடியில் என்பதுகூட ஞாபகம் வந்தது. போன் வாங்கிய மூன்றாம் மாதம், சடங்குக்கு முன்னால், இனி இடமில்லை, இடமில்லை என்று போன் தினமும் கத்திக்கொண்டிருந்தது, இனிப் போடப்போகிற பந்தலுக்கெல்லாம் இடம் வேண்டுமே என்று அவர் அதையும் இதையும் அமுக்கிப் பார்த்து, கடைசியில் இருக்கிறதிலேயே சிறியது எதுவோ அதில் கட்டைவிரலை வைத்து அழுத்தினார், சேமித்திருக்கும் எல்லாப் படத்தையும் சிறியதாக்கவா என்று அது கேட்டது, ஆமாம் என்றார், அதோடு போன் கத்துவதை நிறுத்தியது, நல்ல போன் என்று தட்டிக்கொடுத்து இடுப்பில் செருகிக்கொண்டார். அதிலிருந்துதான் தன் படத்தைத் தவசிக்கு அனுப்பினார்.

அவருக்குக் காது சுட்டது. காதும் கட்டமாக இருந்ததால் மூலைகள் மட்டும் சுட்டன.

கார்த்தீஸ்வரி அவரைப் பார்த்தாள். கிட்டத்தில் உட்கார்ந்திருந்ததால் அவளுக்கு முகம் தெரியாது. ஆனால் கை தெரியும். கயிறு திரிக்கிற கை நின்றுபோயிருந்தது.

"நான் யார்கிட்டயும் சொல்லல மாமா. அது உங்க பாடு. ஆனா இந்தப் படம் ஆகாது. புதுசா எடுக்கணும், என் போன்ல முழு அளவு வச்சு எடுக்கணும். நான் இப்ப எடுத்தா கட்டந்தான் வரும். உங்க மூஞ்சி எந்த எடத்துல நின்னா சரியா விழும்னு அங்குலம் பிசகாம ஒரு ஆளுக்குத்தான் தெரியும்."

"யாருக்கு?"

"எங்க அப்பாவுக்கு. தெனம் சாயங்காலம் எங்க மொட்டை மாடியில தண்ணித் தொட்டிக்கும் டிஷ்ஷுக்கும் நடுவுல ஒரு செங்கல் போட்டு அது மேல ஏறி நின்னு உங்களப் பாத்துட்டுத்தான் காப்பி குடிப்பாரு. கோவம் கொறஞ்சிருக்கா, கொறஞ்சிருக்கான்னு. ஒம்பது வருசமா."

வீரணன் தலையைத் தூக்கி எதிர்வீட்டு மாடியைப் பார்த்தார். அவர் பந்தல்காரர், அளவு நாடா தேவையில்லை, கண்ணாலேயே அளந்தார். அவர் கயிறு திரிக்கிற இடத்திலிருந்து அந்தச் செங்கல்வரைக்கும் சரியாக இருபத்தேழு அடி.

மறுநாள் புதன்கிழமை காலை ஒன்பது மணிக்கு வீரணன் வெள்ளை வேட்டி சட்டையோடு தன் வாசலில் வந்து நின்று கையைக் கும்பிட்டார். தவசி செங்கல் மேல் ஏறி மகளுடைய போனைப் பிடித்தான். கார்த்தீஸ்வரி முழு அளவு என்பதில் பச்சைப் புள்ளி இருக்கிறதா என்று இரண்டு தடவை பார்த்துக் கொடுத்திருந்தாள். தவசி அமுக்கினான். ஒரு வட்டம் சுற்றத் தொடங்கியது, 'சேமிக்கப்படுகிறது, அசைக்க வேண்டாம்' என்று வந்தது, கீழே ஒரு எண்: ஒன்று.

பத்தே காலுக்கு அந்த எண் ஒன்பது. அதற்குள் வீரணன் நெற்றியில் இடது ஓரத்துக் கட்டம் நாலாகப் பிளந்திருந்தது, நாலும் பதினாறாக, சோளம் பொரிகிற மாதிரி சின்னச் சத்தத்தோடு. ஒன்பது வருஷத்தை ஒரே மூச்சில் சேமிக்க வேண்டியிருக்கிறது, நேரமாகத்தான் செய்யும் என்று ஜெயசீலன் வந்து பார்த்துச் சொன்னான், இவர் அசைந்தாலும் போச்சு, அவர் அசைந்தாலும் போச்சு. அதனால் இரண்டு பேரும் நின்றார்கள். ஊர் வந்து சேர்ந்தது. லோகமணி புருஷனுக்குப் பின்னால் ஒரு குடையைப் பிடித்தாள். தவசிக்குக் கை நடுங்கத் தொடங்கியது, வீரணனுடைய சவுக்குக் கம்பிலேயே நாலு எடுத்துப் போய் அவன் முழங்கைக்கு முட்டுக் கொடுத்தார்கள். பஞ்சவர்ணம் அண்ணனுக்கு மோரை ஊட்டிவிட்டுத் தெருவைக் கடந்து மாடி ஏறிப் புருஷனுக்கு ஊட்டினாள், இறங்கி மறுபடி அண்ணனுக்கு ஊட்டினாள். பதினொரு மணி மினி பஸ் வந்தது, நடுவில் போனால் படம் கெட்டுவிடும் என்று தெரு முனையிலேயே நிறுத்தினார்கள், பயணிகள் இறங்கி வந்து கண்ணைச் சுருக்கிக்கொண்டு நின்றார்கள். டீக்கடைப் பலகையில் வடை, பஜ்ஜி என்று எழுதியிருந்ததற்குக் கீழே மாஸ்டர் 'வீரணன் 34' என்று எழுதினார், அழித்து 35 என்று எழுதினார்.

ஒன்பது வருஷமாகப் பேசாத இரண்டு ஆட்களை எதிரெதிரே நிற்க வைத்து அசையாதே என்றால் எவ்வளவு நேரம்தான் பேசாமல் இருப்பார்கள்?

"வெயில் அடிக்குதா மச்சான்?" என்று மாடியிலிருந்து தவசி முதலில் கேட்டான்.

"ஒனக்கு மட்டும் அடிக்கலயா?"

"அடிக்குது. நான் கறுப்பு, தெரியாது."

டீ மாஸ்டர் 35ஐ அழித்து 36 என்று எழுதினார்.

"எளச்சிட்ட மாப்ளே" என்றார் வீரணன், உதடு அசையாமல்.

"சக்கரை மச்சான். மூணு வருசமாச்சு."

"எனக்குச் சொல்லி விடலயே."

"எப்படிச் சொல்றது? பிளக்ஸா வைக்க முடியும்?"

ஊர் சிரித்தது. வீரணன் சிரிக்கக் கூடாது, அசைந்துவிடும், அதனால் வயிறு மட்டும் குலுங்கியது. இப்படியே தவசி வீட்டுக் கிணறு வற்றியது, வீரணன் ஏணியிலிருந்து விழுந்து விலா எலும்பு முறிந்தது, பஞ்சவர்ணம் கோயிலில் மண்சோறு சாப்பிட நேர்ந்துகொண்டது, ஒன்பது வருஷத்து நல்லது கெட்டதெல்லாம் தெருவுக்குக் குறுக்கே சத்தமாகப் போய் வந்தன, நெற்றி முடிந்தது, புருவம் வந்தது, புருவத்தில் ஒரு தழும்பு இருந்தது பலருக்கு அப்போதுதான் ஞாபகம் வந்தது. பகல் ஒரு மணிக்கு எண் அறுபத்தொன்றில் வந்து நின்றது.

நின்றது நின்றதுதான். ஒன்றேகால் ஆனது, ஒன்றரை ஆனது, இரண்டானது. டவர் இல்லை என்றான் ஒருவன், சூடாகிவிட்டது என்றான் ஒருவன், ஜெயசீலன் மாடி ஏறிப் போய்ச் சார்ஜர் குத்திவிட்டு வந்தான், டீ மாஸ்டர் சாக்கட்டியைக் காதில் செருகிக்கொண்டு காத்திருந்தார். வீரணனுக்குக் கண்ணுக்கு மேலே மனுஷ முகம், கண்ணுக்குக் கீழே கட்டம். புது முகத்து இரண்டு கண்ணாலும் அவர் மாடியைப் பார்த்துக்கொண்டிருந்தார். உச்சி வெயில் தவசியின் வழுக்கையில் நின்றது, வேர்வை கண்ணுக்குள் இறங்கியும் அவன் துடைக்கவில்லை.

"கைய எறக்கு மாப்ளே" என்றார் வீரணன். "சக்கரைக்காரன், மயக்கம் போட்டு விழுந்துராத. சாப்பிட்டியா நீ?"

"எறக்குனா போயிரும் மச்சான்."

"போனாப் போகுது. எறக்குடா."

"ஒரு தடவ உங்க மூஞ்சிய நான் கெடுத்தேன்னு ஆகிப்போச்சு. ரெண்டாந்தடவ கெடுக்க மாட்டேன்."

வீரணன் எத்தனையோ முடிச்சுப் போட்டவர், தானே அவிழ்த்தது ஒன்றுகூடக் கிடையாது. தெரு முழுக்க ஜனம், பஸ் பயணிகள் வேறு. கும்பிட்ட கையை எடுக்காமல் அவர் வாயைத் திறந்தார்.

"மாப்ளே, அந்தப் படத்தச் சின்னதா வச்சது நாந்தான்."

ஊர் மொத்தமும் மாடிப் பக்கம் திரும்பியது.

"என்ன மச்சான்? காதுல விழல" என்றான் தவசி.

"என் போன்ல நாந்தான் சின்ன அளவ அமுக்கினேன். ஒம் மேல தப்பில்ல."

"காத்தடிக்குது மச்சான். சத்தமா."

காற்று ஒரு இலையைக்கூட அசைக்கவில்லை. அவனுக்கு முதல் தடவையே கேட்டுவிட்டது என்று ஊருக்கே தெரியும், வீரணனுக்கும் தெரியும். இருந்தாலும் அவர் நெஞ்சு நிறைய மூச்சை இழுத்து, மைக் செட்டு இல்லாமல் அந்தத் தெரு அதுவரை கேட்டிராத சத்தத்தில் கத்தினார்:

"தப்பு என்னுதுடா! என் மூஞ்சிய நானே கெடுத்துக்கிட்டேன்! ஒம்பது வருசம் ஒன்னக் காய்ச்சினேன்! போதுமா?"

"இப்பக் கேட்டுச்சு" என்றான் தவசி, சிரிக்கத் தொடங்கினான். ஒன்பது வருஷமாக உள்ளே கிடந்த சிரிப்பு, அவனால் நிறுத்த முடியவில்லை, தோள் குலுங்கியது, முட்டுக் கொடுத்த கம்பு நாலும் சாய்ந்தது, போன் கன்னாபின்னாவென்று ஆடியது, அய்யய்யோ போச்சு போச்சு என்று ஜெயசீலன் தலையில் கை வைத்தான். எண் அறுபத்திரண்டு ஆனது. எழுபது ஆனது. சார்ஜர் குத்தியதால்தான் என்று ஜெயசீலன் இன்றைக்கும் சொல்கிறான், இருக்கலாம். மூக்கு வந்தது, கன்னம் வந்தது, ஏழு கறுப்புக் கட்டம் படபடவென்று பொரிந்து மீசையாக வந்து நின்றபோது அது முழுக்க வெளுத்திருந்தது. மீசை நரைத்த விஷயமே வீரணன் உட்பட யாருக்கும் தெரியாமல் இருந்திருக்கிறது. டீ மாஸ்டர் எழுதுவதும் அழிப்பதுமாக இருந்தார். நாலு மணிக்கு நூறு என்று எழுதி, அன்றைக்கு மிச்சமிருந்த பஜ்ஜியை எல்லாருக்கும் சும்மா கொடுத்தார்.

லோகமணி குடையைக் கீழே வைத்தாள். பின்னால் நின்றிருந்ததால் அவள் ஒருத்திதான் இன்னும் பார்க்கவில்லை. பழக்க தோஷத்தில் முதலில் தெருவைக் கடந்து எதிர்ப்பக்கம் போய் நின்று கண்ணைச் சுருக்கினாள். பிறகு கண்ணைத் திறந்துகொண்டு ஒவ்வொரு அடியாகக் கிட்டே வந்தாள், இருபது அடி, பத்து அடி, ஐந்து அடி, முகம் உடையவில்லை, இன்னும் கிட்டே, மூச்சு படுகிற தூரத்துக்கு வந்து நின்றாள்.

"இவ்வளவு கெழவனாயிட்டீங்களா?" என்றாள்.

"நீ மட்டும்?" என்றார் வீரணன். அவர் சிரிக்கிறார் என்பது யாருக்கும் சந்தேகமில்லாமல் தெரிந்தது.

வியாழக்கிழமை பிளக்ஸ் வந்தது. வீரணன் அதைச் சட்டத்தில் ஏற்றுவதற்கு முன்னால் நடுத்தெருவில் விரித்துப் போட்டு, செருப்பைக் கழற்றிவிட்டு, அதன் மேல் மண்டியிட்டு ஒவ்வொரு மூலையாகப் பார்த்தார். ஜெயசீலன் பயத்தில் தாய்மாமன் முகத்தை எட்டடிக்கு வைத்திருந்தான், மணப்பெண்ணைவிடப் பெரிதாக. முழு அளவில் சேமித்த படம், இழுத்த இழுப்புக்கெல்லாம் வந்தது. மீசையில் ஒட்டியிருந்த பஞ்சவர்ணத்தின் மோர்கூடத் தெரிந்தது. மாப்பிள்ளை வீட்டார் வந்து இறங்கியதும் அண்ணாந்து பார்த்து, கல்யாணம் யாருக்கு என்று ஒரு பெரியவர் கேட்டேவிட்டார். தவசி கீழே தேங்காய் அளவில் இருந்தான். "அது போதும் எனக்கு" என்றான், "மேல ஒரு ஆளு இருந்தா கீழ நெழலா இருக்கும்."

வெள்ளிக்கிழமை காலை, நாதஸ்வரம் உச்சத்தில் இருந்தபோது, வீரணன் தவசி வீட்டு வாசல்படியை மிதித்து உள்ளே போனார். கார்த்தீஸ்வரி அலங்காரத்தோடு மனையில் நின்றாள். அவர் மாலையைப் போட்டார். நேராக்கிவிட்டார். கையைப் பிடித்துப் பந்தல் வழியாக மேடைக்குக் கூட்டிக்கொண்டு போனார். பாதி வழியில் அவள் நின்றுவிட்டாள். பதின்மூன்று வயதுக்குப் பிறகு இவ்வளவு கிட்டத்தில் அவள் அந்த முகத்தை முழுதாகப் பார்த்ததில்லை, வாயைத் திறந்து பார்த்துக்கொண்டே இருந்தாள்.

"என்ன தாயி? நேரமாகுது, நட."

"மாமா, உங்களுக்கு எங்க அம்மா மூக்கு!"

வீரணன் அப்படியே நின்றார். பின்னால் வந்த சீர்த்தட்டுக்காரர்கள் ஒருவர் மேல் ஒருவர் முட்டிக்கொண்டு நின்றார்கள். மேளக்காரர், ஏதோ தகராறு என்று நினைத்து, அடிப்பதை நிறுத்தினார்.

"நல்லா வெவரமாப் பேசு" என்றார் வீரணன், பந்தலில் இருந்த எல்லாருக்கும் கேட்கும்படி. "நான் மூத்தவன். ஒங்க அம்மாவுக்குத்தான் என் மூக்கு."

சொல்லிவிட்டு, அந்த மூக்கை நிமிர்த்திக்கொண்டு, அவளை மேடை ஏற்றினார்.